பாடாத ரேடியோ

வேலு,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை அரும்பியிருக்க வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இப்போது உனக்கு மூன்று வயது. எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து, அடுப்பு, மாடு, உன் சளி என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். முந்தாநாள் நீ சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு தள்ளிப் போட முடியவில்லை. களத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்தாய். அவனுடைய பந்து எங்கேயோ போய்விட்டது. "எங்கம்மாவக் கேளு. எங்கம்மா சாமி. எல்லாந் தெரியும்" என்றாய். அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். எனக்கு மாவு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஊர் சொல்வதை ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ள முடிந்தது. நீ சொல்வதைப் பொறுக்க முடியாது. நீ வளர்ந்த பிறகு இந்தக் கதையை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக உனக்குச் சொல்வார்கள். நடந்தது என்ன என்று என் கையெழுத்தில் ஒன்று இருக்கட்டும்.

நான் சேலத்தில் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். கல்யாணம் பேசியபோது, திருச்செங்கோட்டில் பள்ளிக்கூடத்து வேலை கிடைத்தால் போகட்டும் என்று உன் தாத்தாவே சொன்னார். வந்த பிறகு, முதலில் ஒரு குழந்தை ஆகட்டும் என்றார்கள். நீ பிறந்தாய். குழந்தை நடக்கட்டும் என்றார்கள். உன் அப்பா ரிக் வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போர்வெல் போடப் போனால் பத்து மாதம் வீட்டுக்கு வருவதில்லை. தோட்டத்து வீடு. ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் மூன்று பேருடைய காட்டைத் தாண்ட வேண்டும், மூன்று பேரும் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். வீட்டில் என்னை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. உன் பாட்டி எனக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவி விடுவார். அதனால்தான் இதைச் சிறை என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

உன் காதுகுத்துக்கு உன் மாமா, அதாவது என் அண்ணன், கப்பலிலிருந்து லீவு போட்டு வந்தான். அவன் கப்பலில் ரேடியோ ஆபீசர். வெளிநாடு போய்வருகிறவன் கொண்டுவரும் மாமன் சீர் என்றால் பெரிய டேப் ரிக்கார்டராவது வரும் என்று ஊரே காத்திருந்தது. அவன் தாம்பாளத்தில் வைத்தது ஒரு சாண் நீளத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. தலையில் ரப்பர் கொம்பு ஒன்று. ஆளாளுக்கு எடுத்துத் திருகிப் பார்த்தார்கள். உஸ் என்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. பாட்டு எங்கே, செய்தி எங்கே என்று கேட்டார்கள். "இந்தப் பக்கத்துலயே மாமன் சீருக்குப் பாடாத ரேடியோ வந்த ஊடு நம்மூடுதான்" என்றார் உன் பாட்டி. பந்தியில் இலையைத் தாண்டி இலை அந்தச் சிரிப்பு போனது. அண்ணன் முகம் சுருங்கவில்லை. ஊருக்குப் புறப்படும்போது என்னிடம் தனியாகச் சொன்னான்: இது ஸ்கேனர், வயர்லெஸ்ஸில் மற்றவர்கள் பேசுவதைத் தேடிக் கேட்கிற பெட்டி, லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாத சாமான், கேட்பதை யாரிடமும் சொல்லாதே. அப்படியானால் எதற்கடா கொடுத்தாய் என்றேன். "உனக்கு யோசிக்க ஏதாச்சும் வேணுமில்ல" என்றான். அவன் ஒருவனுக்குத்தான் அது தெரிந்திருந்தது.

அதனோடு வந்த சின்னப் புத்தகத்தை நான் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். மாமா, அதாவது உன் தாத்தா, கயிற்றுக் கட்டிலில் கண்ணயர்ந்து, அத்தை, அதாவது உன் பாட்டி, காட்டுக்குப் போயிருக்கிற மத்தியான நேரத்தில், நெல் மூட்டை அடுக்குகிற அறையில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். முகப்பில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். சாம்பல் நிறத்தில் கறுப்பு எண்கள் தெரியும். பெரிய எண்தான் அலைவரிசை. ஓரத்தில் இருக்கிற சின்ன எண், நாமாகச் சேர்த்து வைத்த இடத்துக்கு உரிய எண். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு முதலில் ரொம்பவும் திண்டாடினேன். அதற்கு எல்லா அலையும் கேட்காது. மூன்று பட்டை மட்டும்தான். அறுபத்தாறிலிருந்து எண்பத்தெட்டு வரை ஒன்று. நூற்று முப்பத்தெட்டிலிருந்து நூற்று எழுபத்து நாலு வரை ஒன்று. நானூறுக்கு மேலே ஒன்று. பாட்டும் செய்தியும் வருகிற அலை இதற்கெல்லாம் ரொம்பக் கீழே இருக்கிறது, அதனால்தான் பாடவில்லை. அந்தப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை, வேலு. கேட்டவர்கள் தப்பான இடத்தில் கேட்டார்கள்.

கீழே ஓர் எல்லை, மேலே ஓர் எல்லை கொடுத்து, தேடு என்று அழுத்தினால் எண் ஓட ஆரம்பிக்கும். யாராவது பேசினால் அந்த எண்ணில் நிற்கும். பேச்சு முடிந்தால் இரண்டு நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஓடும். மேல் எல்லையைத் தொட்டதும் கீழ் எல்லைக்கு வந்து முதலிலிருந்து தொடங்கும். பேசுகிறவரை விட்டுவிடக் கூடாது என்றால் அது நிற்கிறபோதே பிடித்துவைக்கும் பொத்தானை நாம் அழுத்த வேண்டும். நாம் அழுத்தாவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது. அடுப்படி, மாட்டுக்கொட்டகை, கிணற்று மேடு, திரும்ப அடுப்படி என்று போகிற எனக்கு அந்த எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்திருந்தது. எல்லை போட்டவர்கள் யார் என்று அதுவும் கேட்கவில்லை.

தூரத்துப் பேச்சையும் வாங்கி அனுப்புகிற போலீஸ் கம்பம் ஒன்று மலை உச்சியில் இருக்கிறது, அங்கிருந்து வருகிற பேச்சுதான் அதில் அதிகம் கேட்கும். ஆடு திருட்டு, ஜாத்திரை பந்தோபஸ்து, சாப்பாடு இன்னும் வரவில்லை என்ற புகார். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. ஒரே குரல் இரண்டு எண்ணில் நின்றது. நூற்று நாற்பத்தொன்றில் மங்கலாக, நூற்று அறுபத்திரண்டில் தெளிவாக. தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் கல்லூரிப் பாடம் ஞாபகம் வந்தது. வலுவான அலைக்கு இந்த மாதிரிப் பெட்டிக்குள் ஒரு நிழல் விழும். உண்மையான இடத்திலிருந்து இருபத்தொன்றும் கொஞ்சமும் தள்ளி விழும். கீழே இருப்பது நிழல், மேலே இருப்பது ஆள். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் உன்னைத் தூக்கிச் சுற்றினேன். உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ என் மூக்கைக் கடித்தாய்.

அது ஆடி நோம்பி வாரம். வெளியூர் போன ரிக் வண்டிகளெல்லாம் பண்டிகைக்கு ஊர் திரும்புகிற நேரம். உன் அப்பாவும் வந்துகொண்டிருந்தார். நம் வண்டியின் நெற்றியில் உன் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள்: செங்கோட்டுவேலன். மலைமேல் இருக்கிற சாமி பெயர். இந்த ஊரில் அந்தப் பெயரில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை வண்டிகள். தெருவில் நின்று வேலு என்று கூப்பிட்டால் வீட்டுக்கு ஒருவன் எட்டிப் பார்ப்பான். அன்றைக்கு மத்தியானம் எண் ஓடிக்கொண்டிருந்தது, நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மங்கலாக ஒரு குரல் வந்தது. தொப்பூர் இறக்கத்தில் ரிக் வண்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, திருச்செங்கோட்டு வண்டி, முகப்பில் செங்கோட்டுவேலன் என்று எழுதியிருக்கிறது என்றது. உன் பெயரை ஒரு முகம் தெரியாத ஆள் அப்படிச் சொல்லக் கேட்டேன். பொத்தானை அழுத்தத் தோன்றவில்லை. இரண்டு நொடி ஆனதும் எண் ஓடிவிட்டது.

அழக்கூட நேரமில்லை. ஓடுவதற்கு முன்னால் கண்ணில் பட்டது நூற்று நாற்பத்தொன்று. அது நிழல். அங்கே காத்திருந்தால் அரையும் குறையுமாகத்தான் கேட்கும். எண்ணை இருபத்தொன்று கூட்டி, கீழே ஒரு துளி மேலே ஒரு துளி எல்லை வைத்துத் தேட விட்டேன். நின்றது. பிடித்துவைத்தேன். வண்டியின் பதிவு எண்ணைப் படித்தார்கள். நம் வண்டி இல்லை. வேலு, நான் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அந்தக் குரல் மேலே போனது. டிரைவரைக் காணோம். உள்ளே ஒரு ஆள் நினைவில்லாமல் கிடக்கிறார், பெயர் தெரியவில்லை, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது, இடது கையில் பாவாயி என்று பச்சை குத்தியிருக்கிறது.

பாவாயி பக்கத்துத் தோட்டத்துக்காரி. பெண்டாட்டி பெயரைக் கையில் குத்திக்கொண்ட ஆம்பளை இந்தச் சுற்றுவட்டத்தில் ஒரே ஒருவர்தான், அவள் புருஷன் பழனிச்சாமி. வேறொருவருடைய ரிக்கில் வேலைக்குப் போகிறவர். "மறந்துருவாப்ல போல, எழுதி வெச்சுக்கிட்டாரு" என்று கிணற்றடியில் எல்லோரும் அவளை ஓட்டுவோம். காலையில்கூட அவள் உறை மோர் வாங்க வந்து, நோம்பிக்கு அவர் வந்ததும் என்ன சமைப்பது என்று என்னைக் கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

மாமாவை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"அம்மிணி, அது லைசென்சு இல்லாத சாமான்னு உங்கண்ணனே சொன்னான்னு சொல்றே. எப்புடித் தெரியும்னு கேப்பாங்க. உங்கண்ணன் வேலை போயிரும், எம்மவனைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. போலீசே வந்து சொல்லுவாங்க, அது அவுங்க வேலை."

"பேரே தெரியலீங்க மாமா அவுங்களுக்கு. யாரு ஊட்டுக்குன்னு வந்து சொல்லுவாங்க?"

வண்டி எண்ணை வைத்து முதலாளியைப் பிடித்து, முதலாளி ஆளைச் சொல்லி, அது இங்கே வந்து சேர நாளைக்கோ மறுநாளோ ஆகும் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. தன் வீட்டைச் சுற்றி ஒரு வரப்பு போட்டு அதற்குள் எல்லோரையும் பத்திரமாக வைத்திருக்க நினைக்கிறவர். நீ அழ ஆரம்பித்தாய். உன்னை இடுப்பில் எடுத்துக்கொண்டு, முடியைக்கூட முடியாமல், கடலைக்காட்டின் நடுவே நடந்தேன். கல்யாணமாகி வந்து யாரிடமும் கேட்காமல் நான் அந்தப் படியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

பாவாயியும் அவள் மாமியாரும் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். உன் வீட்டுக்காரர் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே போ, பேர் சொல்ல ஆளில்லாமல் கிடக்கிறார் என்று மட்டும் சொன்னேன். பாவாயி களைக்கொத்தைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆரு சொன்னா?"

அந்த நேரம் பார்த்து நீ வீறிட்டாய். எறும்பு கடித்ததோ, வெயிலோ. நான் உன்னைத் தோளில் சாய்த்து, "சாமி, ஒண்ணுமில்ல சாமி" என்றேன். இந்த ஊரில் பிள்ளையையும் சாமி என்பார்கள், பெரியவரையும் சாமி என்பார்கள், கோயிலில் இருப்பதையும் அதே வார்த்தையால்தான் கூப்பிடுவார்கள். நான் உன்னைச் சொன்னேன். கிழவிக்கு அது பதிலாகக் கேட்டது. என் விரித்த முடியையும் நடுங்கிய உடம்பையும் பார்த்து, கையை விட்டு, தரையில் விழுந்து கும்பிட்டார். பாவாயி அதற்குள் ரோட்டைப் பார்த்து ஓடிவிட்டாள்.

அவள் அன்றைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவருடைய ஒரு காலை எடுக்க வேண்டியிருந்தது, அவள் கைநாட்டு வைத்தாள், எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். இன்றைக்குக் கட்டைக்கால் வைத்துக்கொண்டு ரோட்டோரம் சைக்கிள் கடை போட்டிருக்கிறார், உனக்கு மிட்டாய் தருகிறாரே, அவர்தான். அன்றைக்கு நான் நடந்ததற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. இதை மட்டும் முதலில் தெரிந்துகொள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

முதலில் பாவாயியின் மாமியார் தேங்காய் பழத்தோடு வந்தார். பிறகு அவர் தங்கச்சி. பிறகு கொல்லன் பட்டறைக்காரர் வீட்டுப் பொம்பளைகள். ரேடியோவிலும் சொல்லவில்லை, போலீசும் வரவில்லை, இந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று டீக்கடையில் பேச்சு வந்தபோது, உன் பாட்டிதான் முடித்து வைத்தார்: "எம்மருமவ மேல மலைச்சாமி வந்து சொல்லுச்சு." அவர் நம்பித்தான் சொன்னாரா, என்னைக் காப்பாற்றச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால், இரண்டும் ஒன்றுதானே அம்மிணி என்பார். மாமாவுக்கு மூச்சு வந்தது. சாமி சொன்னதற்கு எந்த ஸ்டேஷனிலும் லைசென்ஸ் கேட்க மாட்டார்களே. பெட்டியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சாவி உன் பாட்டியின் இடுப்பில் போய்ச் சேர்ந்தது.

இந்த மண்ணில் வீட்டுக்கு ஒரு ஆம்பளை வெளி மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறான். எந்த ஊரில் இருக்கிறான், சாப்பிட்டானா, உசிரோடு இருக்கிறானா என்று தெரியாத பொம்பளைகள்தான் ஊர் முழுக்க. அவர்கள் வெள்ளிக்கிழமை தோறும் வர ஆரம்பித்தார்கள். எங்க ஊட்டுக்காரர் வண்டி எங்கே நிற்கிறது, கேட்டுச் சொல்லு சாமி என்பார்கள். எனக்குத் தெரியாதுங்க என்றேன். ஒருத்தி அதைக் கேட்டதும் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். சாமிக்கே தெரியவில்லை என்றால் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். அடுத்த வாரம் பேசாமல் இருந்தேன். சாமி கோபமாக இருக்கிறது என்று கோழி கொண்டுவந்தார்கள். அழுதேன். சாமி இறங்கிவிட்டது என்றார்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

போன வருஷம் திருச்செங்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நீயும் நடந்துவிட்டாய், ஓடியும் விட்டாய். சாமி இறங்குகிற பொம்பளை பஸ்ஸில் நாலு பேரோடு இடிபட்டுக்கொண்டு போகலாமா என்றார் மாமா. முன்னால் மறுத்ததற்குச் சொன்ன காரணங்களுக்கு ஒரு முடிவு இருந்தது. இதற்கு முடிவே கிடையாது. உன் அப்பா ஊர் வந்தபோது அவரிடம் அழுதேன். அவருக்கு எல்லாம் தெரியும், சிரித்தார். "இருந்துட்டுப் போவட்டும் விடு. எல்லாரும் கும்புடறாங்க, மருவாதிதானே" என்றார். அவர் வண்டி ஏறிப் போய்விடலாம், வேலு. கும்பிடப்படுகிறவள் எங்கே போவாள்?

நீ அந்தப் பந்தைக் கண்டுபிடிக்க என்னைக் கைகாட்டிய மறுநாள், நேற்று, வெள்ளிக்கிழமை. அத்தையிடம் சாவியைக் கேட்டேன். எதற்கு என்றார். அவர்களிடம் காட்டப் போகிறேன் என்றேன். மாமா எழுந்து நின்றுவிட்டார். அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உரல் மேல் வைத்தார், கையில் தரவில்லை. பெட்டிக்குப் புது பேட்டரி போட்டு, வாசலில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் நடுவில் வைத்தேன். இதுதான் சொன்னது, சாமி இல்லை என்றேன். எண் ஓடுவதைக் காட்டினேன். இங்கேயிருந்து இதுவரைக்கும் தேடும், யாராவது பேசினால் நிற்கும், மலைக் கம்பத்துக்கு எட்டுகிற வரைக்கும்தான் கேட்கும், அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று இதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று, வகுப்பில் சொல்வது போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இந்தச் சாமானை வைத்திருப்பதே தப்பு, போய்ச் சொல்கிறவர்கள் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

முன்னால் ராமாயி என்று ஒரு கிழவி. ஒரே மகன், மத்தியப் பிரதேசம் போனவன், தைக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, ஓடுகிற எண்களைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல என்ற மவன் எந்த நெம்பருங்க சாமி?" என்றார்.

"இதுல இல்லீங்க அம்மா. இது எட்டாத தூரத்துல இருக்காருங்க" என்றேன்.

கிழவி முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "அப்ப இருக்கான்" என்றார். பெட்டியை என் காலடியில் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தார். பின்னால் இருந்தவர்கள் பெட்டிக்குக் குங்குமம் வைத்தார்கள். இன்றைக்குக் காலையில் வாசலில் முன்னைவிடக் கூட்டம். ராமாயியின் மகன் உசிரோடு இருக்கிறானாம், சாமி சொல்லிவிட்டதாம்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று இதை எழுதுகிறபோது எனக்குத் தெரியாது. மறுபடி சொல்லிப் பார்ப்பேன். எத்தனை வெள்ளிக்கிழமை ஆனாலும் சொல்லிப் பார்ப்பேன். நீ பெரியவனாகி இந்த வீட்டைவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ. வண்டிக்குப் போ, கப்பலுக்குப் போ, படிக்கப் போ, நான் வரப்பு போட மாட்டேன். போகிற இடத்திலிருந்து நீயாக ஒரு வார்த்தை சொல்லியனுப்பு. உனக்குக் கட்டிவருகிற பெண்ணிடமும் போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போ. எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் வைத்திருப்பதால்தான் பெண்கள் என்னிடம் வந்து உட்காருகிறார்கள். அவள் வேலைக்குப் போகிறேன் என்றால், அதற்குக் குழந்தை நடக்கிறவரை பொறு என்று நீ சொல்லாதே, உன் அப்பாவையும் சொல்ல விடாதே.

கடைசியாக ஒன்று. என்றைக்காவது நீயும் ஏதோ பயத்தில் வந்து, அம்மா, இது என்னவாகும் என்று என்னைக் கேட்பாய். தெரியாது சாமி என்று நான் சொல்வேன். அதற்கு மேல் அதில் ஒன்றுமே இருக்காது. அந்த வார்த்தையை அந்த வார்த்தையாகவே கேட்டுக்கொள்கிற ஒரு ஆள் எனக்கு வேண்டும், வேலு. அது நீயாக இரு.

உன்
அம்மா